கல்லூரிக்கு முன்னே கேள்வி

சிதம்பரத்திலே அண்ணாமலைச் செட்டியார் அவர்களின் கொடையால் எழுந்த இசைக் கல்லூரி 1929 ஆம் ஆண்டு நிலைபெற்றது. சென்னைச் சங்கீத வித்துவ சபை தன் ஆசிரியர் கல்லூரியை 1931 இல் அமைத்தது. அந்நகரிலேயே முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு அரசினர் கர்நாடக இசைக் கல்லூரி 1949 இல் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து மருதனார்மடத்திலே சு. நடேசபிள்ளை அவர்களின் முயற்சியால் இராமநாதன் பெயரால் ஓர் இசைக் கல்லூரி 1960 இல் எழுந்தது. இவ்வாறாக, பல தலைமுறைகளாகக் குருவின் வீட்டுத் திண்ணையில் நடந்துவந்த ஒரு கல்வி, ஏறக்குறைய முப்பது ஆண்டுக் காலத்துள், மணி அடித்தால் தொடங்கி மணி அடித்தால் முடியும் வகுப்பறைக்குள் வந்து சேர்ந்தது.

திண்ணைக்கும் வகுப்பறைக்கும் உள்ள வேற்றுமைகள் பலவாறு பேசப்பட்டிருக்கின்றன. அதிகம் பேசப்படாத வேற்றுமை ஒன்று உண்டு. அது மாணவனின் வயது. குருகுலத்திலே பிள்ளை ஏழு எட்டு வயதில் புகுந்தான். இசைக் கல்லூரியிலோ பதினெட்டு, பத்தொன்பது வயதில் புகுகின்றான். இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் அவனுடைய செவிக்கு ஆசிரியர் யார்? கல்லூரிகளின் பாடத்திட்டங்கள் இவ்வினாவை எழுப்புவதில்லை. எழுப்பாமலே, விடை எங்கோ இருப்பதாகக் கொண்டுவிடுகின்றன. கொழும்பு மாநகரத் தமிழ்ப் பிள்ளைகளைப் பொறுத்தவரை இவ்வினா பின்னும் கூர்மையானது. இசையை முறையாகக் கற்க விரும்பியவர்கள் அந்நாளில் கடல் கடந்து சிதம்பரத்துக்கோ சென்னைக்கோ போயினர். பின்னாளில் வடக்கே மருதனார்மடத்துக்குப் போயினர். அவர்கள் தம்மோடு எடுத்துச் சென்ற செவி, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உருவான செவி. அது எவ்வாறு உருவாயிற்று என்பதே இங்கு ஆராய்வதற்குரியது.

முதலிலே பழைய முறையைச் சற்று நோக்குதல் வேண்டும். கர்நாடக இசையின் பாலபாடங்களை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. அவர் காலம் 1484 முதல் 1564 வரை என்பர். சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம் என்னும் அப்பாடங்கள் மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்தவை. இவ்விராகத்தைத் தேர்ந்தமைக்குச் செவியே காரணம் எனலாம். இதன் ஆரோகணத்தில் ஸட்ஜமத்திலிருந்து மத்திமம் வரை ஒரு சிறு தூரம், ஒரு பெருந்தூரம், மீண்டும் ஒரு சிறு தூரம் வருகின்றன. பஞ்சமத்திலிருந்து மேல் ஸட்ஜமம் வரையிலும் அதே ஒழுங்கு. கீழ்ப் பாதியைப் பிடித்துக்கொண்ட பிள்ளை மேற்பாதியை ஏறக்குறையத் தானே கண்டுகொள்கிறது. சிறு தூரமும் பெருந்தூரமும் அடுத்தடுத்து வருவதால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று குழம்புவதில்லை. தாட்டு வரிசையிலே ஸ்வரங்கள் படிப்படியாகச் செல்லாமல் தாவிச் செல்லும். மேலை நாட்டு இசைப் பள்ளிகள் செவிப் பயிற்சி என்று தனியே பெயரிட்டு நடத்தும் பாடத்தின் பெரும்பகுதி இத்தாவல்களுள் அடங்கிக் கிடக்கின்றது. அதை அவ்வாறு பெயரிட்டுச் சொல்லாமையே நம்மவர் குறை போலும்.

பாடம் தொடங்குவதற்கு முன்னரே நடந்த பயிற்சி ஒன்றுண்டு. அது தம்புராவுக்குச் சுருதி கூட்டுதல். பஞ்சமம், சாரணை, அனுசாரணை, மந்தரம் என நான்கு தந்திகள். பிருடையைத் திருகிப் பெருமளவு சரிசெய்து, பின் மணிக்காயை நகர்த்தி நுண்ணிதாகச் சேர்த்து, குதிரையின்மேல் ஜீவா நூலை இழுத்து நாதத்தைத் திறக்க வேண்டும். சாரணையும் அனுசாரணையும் சற்றே வேறுபட்டு நின்றால் ஒலியில் ஓர் அலை எழும். உள்ளங்கையில் நீரை ஆட்டினாற் போன்ற அசைவு அது. சேரச் சேர அவ்வலை மெதுவாகி, முற்றாகச் சேர்ந்ததும் நின்றுவிடும். குருவின் கச்சேரிக்கு முன் தம்புரா கூட்டும் பணி சீடனுடையது. பல மாதங்கள் அவ்வலையைத் தேடித் தேடி நிறுத்திய செவிக்கு, ‘சுருதி சேர்ந்தது’ என்ற சொல்லுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நன்கு சேர்ந்த தம்புராவிலே இன்னொரு வியப்பு உண்டு. மந்தரத் தந்தியை மீட்டினால், யாரும் மீட்டாத காந்தாரம் ஒன்று தானே எழுந்து கேட்கும். இதனைச் சுயம்பு காந்தாரம் என்பர். இதில் மாயம் ஒன்றுமில்லை. அதிரும் தந்தி முழுமையாக அதிர்வதோடு இரண்டாகவும், மூன்றாகவும், நான்காகவும், ஐந்தாகவும் பகுந்து அதிர்கின்றது. அவ்வைந்தாம் பகுதியின் ஒலியே அந்தர காந்தாரம். முதல் நாளில் பிள்ளைக்கு இது கேளாது. பல நாள் சென்று திடீரென ஒரு நாள் கேட்கும். கேட்டபின் ஒருபோதும் கேளாமற் போகாது.

நாதசுர மரபிலும் இத்தகைய ஏற்பாடு இருந்தது. வித்துவானுக்குப் பின்னே நின்று ஒத்து ஊதுபவனும் தாளம் போடுபவனும் பெரும்பாலும் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளே. ஒரே ஸ்வரத்தை இரவெல்லாம் மூச்சு விடாது ஊதி நிற்பது வெளியார்க்குச் சலிப்பாகத் தோன்றும். ஆயின், அந்த ஒரே ஸ்வரத்தின்மேல் தோடியும் கல்யாணியும் எவ்வாறு எழுந்து எவ்வாறு வந்து அடங்குகின்றன என்பதைக் கேட்பதற்கு, அதனினும் சிறந்த இடம் எந்தக் கல்லூரியிலும் இல்லை.

கொழும்பிலே இவ்வொலி கேட்ட இடம் கொச்சிக்கடையும் செட்டியார் தெருவுமாகும். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயில் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பொன்னம்பல முதலியாரால் எடுக்கப்பட்டது. அவர் மைந்தர் சேர். பொன். இராமநாதன் அவர்களால் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் புதுக்கப்பட்டது. செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து ஆடிவேல் பம்பலப்பிட்டிப் பக்கம் நோக்கிப் புறப்படும்போது, நகரின் வடபகுதி முதல் தென்பகுதி வரை நாதசுரமும் தவிலும் வீதி வழியே சென்றன. சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டையில் மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி என்றிவ்வாறு வேளைக்கும் வினைக்கும் உரிய இராகம் வகுக்கப்பட்டிருந்தது. அத்தெருக்களில் வளர்ந்த பிள்ளைக்குக் கம்பீரநாட்டை என்னும் பெயர் தெரியாமலிருக்கலாம். அந்த ஒலி கேட்டால் சுவாமி வெளியே வருகிறார் என்பது தெரியும். இராகத்தைப் பெயரால் அறியுமுன் பயனால் அறிதல் சிறிய அறிவன்று.

கொட்டாஞ்சேனையின் சிறப்பு அதனோடு முடிவதன்று. கோயில்களிலிருந்து நடந்து செல்லும் தூரத்திலே புனித லூசியாள் பேராலயம் உயர்ந்து நிற்கின்றது. அங்கே ஓகன் இசையோடு பாடகர் குழுவினர் பல குரல்களில் பாடுவர். கன்னியர் மடப் பள்ளிக்கூடங்களிலே பியானோ கற்பிக்கப்பட்டது. ஒரு தெருவில் ஒத்தின்மேல் ஒற்றைக் குரலாக வளரும் இசை, மறு தெருவில் பல குரல் சேர்ந்து நகரும் இசை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஆகியோர் வழி வந்த கிறித்தவக் கீர்த்தனை மரபு இவ்விரண்டுக்கும் இடையே பாலமாயிற்று. இருவகை ஒலியும் கலந்தால் செவி கெடும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சத்துக்கு ஆதாரம் போதாது. இரு மொழி பேசும் வீட்டிலே வளரும் பிள்ளை இரண்டையும் குழப்பாது கற்றுக்கொள்வதை இந்நாட்டவர் நாள்தோறும் காண்கின்றனர்.

வெள்ளவத்தையின் செவி வேறு வகையில் உருவாயிற்று. அரசாங்க உத்தியோகத்தின் பொருட்டு வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள், கடலோரப் புகையிரதப் பாதைக்கும் காலி வீதிக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளிலே குடியமர்ந்தன. இங்கே ஒலி வீதியிலன்றி வீட்டினுள்ளே பிறந்தது. மாலையில் விளக்கேற்றிய பின் தேவாரம் பாடுதல் பல வீடுகளில் தவறாத வழக்கம். இலங்கைச் சைவர் வழக்கிலே பூசை முடிவில் பஞ்சபுராணம் ஓதுதல் ஒரு தனிச் சிறப்பு. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம் என ஐந்தும் அடுத்தடுத்துப் பாடப்படும். திருவாசகத்துக்கு மோகனம் என்பது நெடுநாள் வழக்கு. ஏனையவற்றைப் பாடுவோர் தாம் கேட்டுப் பழகிய இராகத்தில் பாடுவர். தாளக் கட்டில்லாது, சொல்லின் பொருளுக்கேற்ப நீட்டியும் குறுக்கியும் பாடுவதாகையால், இராகத்தின் உருவம் செவியில் தெளிவாகப் படியும். தஞ்சைப் பெரிய கோயிலிலே திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்கு நாற்பத்தெண்மரையும் அவர்க்குத் துணையாக உடுக்கை, மத்தளம் வாசிப்போர் இருவரையும் முதலாம் இராசராசன் நியமித்தமை கல்வெட்டிலே காணப்படுகின்றது. அப்பெருமரபின் ஒரு சிறு கிளை வெள்ளவத்தை ஒழுங்கைகளில் உயிரோடிருந்தது என்றால் மிகையாகாது. இராமகிருஷ்ண மடமும், 1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அப்பகுதியில் சொற்பொழிவுக்கும் இசைக்கும் அரங்கு தந்தன.

ஓதுவார் மரபிலிருந்து கல்லூரிக்குச் சென்றவர்க்கு ஒரு சான்று தேடின், தண்டபாணி தேசிகரைச் சொல்லலாம். இளமையில் தேவாரம் பயின்று, அச்செவியோடு கச்சேரி மேடைக்கு வந்து, பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே இசைப் பேராசிரியராகத் திகழ்ந்தவர் அவர்.

இனி, வீட்டுக்குள் வந்த ஒரு விருந்தினரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஹார்மோனியப் பெட்டி. மலிவானது, கூட்ட வேண்டிய தொல்லை இல்லாதது, விரலை வைத்தால் ஸ்வரம் பேசும். இதன் தீங்கை மிக முற்படக் கண்டவர்களுள் ஒருவர் கொழும்பிலே 1877 இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி ஆவார். 1909 இல் கொழும்பிலேயே வெளிவந்த அவருடைய தேசிய இலட்சியக் கட்டுரைத் தொகுதியில், கிராமபோன் பெட்டியும் ஹார்மோனியமும் கீழைத்தேய இசைக்கு விளைக்கும் கேட்டைக் கடுமையாகச் சாடியுள்ளார். அகில இந்திய வானொலி 1940 இல் ஹார்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. அவ்விலக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றது.

இது வெறும் பழைமைப் பற்றா அன்றி உண்மையா என்பதை ஒரு கணக்கால் தெளியலாம். ஆதார ஸட்ஜமம் வினாடிக்கு 240 அதிர்வு என்று கொள்வோம். தம்புராவில் தானே எழும் காந்தாரம் ஸட்ஜமத்துக்கு ஐந்துக்கு நான்கு என்னும் விகிதத்தில் அமைவதால் அதன் அதிர்வு 300. ஹார்மோனியத்தின் காந்தாரமோ, ஸ்தாயியைப் பன்னிரண்டு சமகூறாக்கியதால், ஏறக்குறைய 302.4. இரண்டும் சேர்ந்தொலித்தால் வினாடிக்கு இரண்டுக்கு மேற்பட்ட அலை எழும். பஞ்சமத்திலோ இக்குறை மிகச் சிறிது. 360 இருக்க வேண்டிய இடத்தில் 359.6 இருக்கும். ஆகவே ஹார்மோனியத்தின் குற்றம் எங்கும் ஒரே அளவினதன்று. பஞ்சமத்தை ஏறக்குறையச் சரியாகவும் காந்தாரத்தைப் பிழையாகவும் கற்பிக்கின்றது. அதனினும் பெரிய குறை, தோடியின் காந்தாரம் போல அசைந்து நிற்கும் ஸ்வரத்தை அது பேசவே மாட்டாது என்பது. ஆயினும் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். தம்புரா வாங்க வகையற்ற பல வீடுகளிலே ஆதார சுருதி என்ற ஒன்று நின்று ஒலித்தது அப்பெட்டியால்தான். குமாரசுவாமியின் கண்டனம் கலையின் பக்கம் நின்று பேசியது. பாட்டு வகுப்புக்குச் சம்பளம் கொடுக்கவே இடர்ப்பட்ட குடும்பத்தின் பக்கம் நின்று பேசியதன்று.

அவர் வெறுத்த கிராமபோனும் அவ்வாறே இருமுகம் கொண்டது. இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்றரை நிமிடத்துக்கு மேல் ஓடாது. அதனுள் ஆலாபனையும் கீர்த்தனையும் அடைக்கப்பட்டமையால், இராகம் விரிந்து வளரும் முறை அதில் கேட்கவில்லை. ஆனால் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடி, கச்சேரிக்குப் போக இயலாத பிள்ளையின் செவிக்கு எட்டியது. அதுவும் வேண்டிய மட்டும் திரும்பத் திரும்ப எட்டியது. குருவிடம் ‘இன்னொரு முறை’ என்று கேட்கத் துணியாத பிள்ளை, ஊசியைத் தூக்கி மீண்டும் வைத்துக் கேட்டது.

கொழும்பு வானொலி 1925 ஆம் ஆண்டு டிசம்பரிலே தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதற்கு முன்னர் நடந்த சோதனைகளில் ஒலித்ததும் இசைத்தட்டே. 1949 இல் இலங்கை வானொலி தனித் திணைக்களமாயிற்று. 1967 இல் கூட்டுத்தாபனமாயிற்று. 1938 இல் சென்னை நிலையமும், 1939 இல் திருச்சிராப்பள்ளி நிலையமும் அகில இந்திய வானொலியிலே தோன்றின. திருச்சி நிலையத்தின் ஒலி கடல் கடந்து இலங்கை வீடுகளிலும் கேட்டது. வானொலிக்கும் இசைத்தட்டுக்கும் உள்ள வேற்றுமை செவிப் பயிற்சியில் மிகப் பெரிது. வானொலிக் கச்சேரி நீளமானது, நிறுத்த இயலாதது. பாடகர் ஆலாபனை தொடங்கியவுடன், அறிவிப்பாளர் இராகத்தின் பெயரைச் சொல்லாதிருந்தால், வீட்டிலே ஒரு போட்டி எழும். ஆரபியா தேவகாந்தாரியா? இரண்டுக்கும் ஆரோகண அவரோகணம் ஒன்றே. ஏட்டிலே எழுதினால் வேறுபாடு தோன்றாது. ஆரபி விரைந்து நேராகச் செல்லும். தேவகாந்தாரி தயங்கி, நீண்டு, வளைந்து செல்லும். இதனைச் சொல்லால் விளக்கலாம்; ஆயின் இருபது முறை கேட்டுத் தவறி, இருபத்தோராம் முறை சரியாகச் சொன்ன பிள்ளைக்கே அது விளங்கும். தர்பாருக்கும் நாயகிக்கும் உள்ள வேறுபாடும் இத்தகையதே. ஏட்டால் தீராத ஐயத்தைச் செவியால் தீர்க்கும் இவ்வறிவைத் தமிழர் கேள்வி ஞானம் என்றனர். பிற்காலத்தில் இத்தொடர் முறையாகக் கல்லாதவனைக் குறிக்கும் இழிவுச் சொல்லாகச் சுருங்கியது வருந்தத்தக்கது. திருக்குறளிலே கல்வி அதிகாரத்துக்குப் பின் கேள்விக்கெனத் தனி அதிகாரம் வகுத்த மொழி இது.

வானொலி நிலையங்கள் கலைஞரின் தரத்தைத் தாமே தேர்ந்தறியவும் முற்பட்டன. 1952 இலே இலக்னோவிலிருந்து ரத்தன்ஜங்கர் அவர்களை இலங்கை வானொலி வரவழைத்துச் சிங்கள இசைக் கலைஞரைத் தேர்வு செய்வித்தது. இந்துஸ்தானி இசையில் பழகிய செவியொன்று இலங்கைக் கலைஞரை அளப்பதா என்ற எதிர்ப்பு எழுந்தது. சுனில் சாந்த அவர்கள் அத்தேர்வுக்கு உட்பட மறுத்தார். தமிழ் நிகழ்ச்சிகளுக்கு நேரடித் தொடர்பற்றதாயினும், இந்நிகழ்ச்சி எழுப்பிய வினா எல்லாருக்கும் உரியது. செவியைச் சோதிக்கலாம்; எந்த இசையைக் கேட்டு வளர்ந்த செவி என்பதை அறியாமல் சோதித்தல் தகுமா?

இதற்கிடையே பரீட்சைகள் பெருகின. வட இலங்கைச் சங்கீத சபை 1931 இல் தோன்றியது. தரம் தரமாகப் பரீட்சை நடத்தி, உச்சியில் கலாவித்தகர் என்னும் பட்டத்தை வழங்கியது. சிதம்பரத்துச் சங்கீத பூஷணம் பெற்று மீண்டவர்கள் ஆசிரியர்களாயினர். ஊரூராகச் சென்று பாட்டுச் சொல்லிக்கொடுத்த பழைய வழக்குக்கு ஓர் ஒழுங்கு பிறந்தது. பெண்பிள்ளைகள் பெருந்தொகையாக இசை கற்க வந்தமையும் இதனாலேயே. இவை அரிய நன்மைகள். ஆயின் பரீட்சை எதைக் கேட்கிறதோ அதையே ஆசிரியர் கற்பிப்பர். இராக இலட்சணம் எழுதச் சொன்னால் இலட்சணம் மனனமாகும். கொட்டாஞ்சேனைக் கன்னியர் மடத்திலே பியானோ கற்ற மாணவி பிரித்தானியப் பரீட்சைச் சபைகளின் சோதகர் முன் நின்றபோது, அவர் கண்ணுக்கெட்டாமல் வாசித்ததைக் கேட்டு, தூரத்தைச் சொல்லவும் தாளத்தைத் தட்டிக் காட்டவும் வேண்டியிருந்தது. கர்நாடக இசை கற்ற அவள் தோழிக்கு அத்தகைய தனிச் சோதனை வழக்கிலில்லை. கீர்த்தனையைப் பிழையின்றிப் பாடிக்காட்டினால் செவியும் நன்றாயிருக்கும் எனக் கொள்ளப்பட்டது. இது பாதி உண்மை. ஒரு கீர்த்தனையை நூறு முறை பாடிப் பழகியவர், அதே இராகத்தில் வேறொரு கீர்த்தனை கேட்டால் திகைப்பதுண்டு.

அச்சிட்ட ஸ்வரக் குறிப்பின் வரலாறும் இதனோடு பின்னியது. எட்டயபுரத்திலே சுப்பராம தீட்சிதர் 1904 இல் வெளியிட்ட சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி, ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக்குறி இட்டு அமைந்த பெருநூல். சின்னசாமி முதலியார் என்னும் கிறித்தவப் பெரியார் இதற்குத் தூண்டுகோலாயிருந்தார். அந்நூலின் குறிகளைப் பார்த்துப் பாடுவோர், அக்கமகங்களை முன்பே கேட்டறிந்தவராயிருத்தல் வேண்டும். கேளாதவர்க்கு அது ஒரு வரைபடம். ஊரை ஒருமுறையேனும் கண்டவர்க்கே வரைபடம் வழிகாட்டும்.

செவியை நூலறிவோடும் கணிதத்தோடும் இணைத்துக் காட்டியவர் சுவாமி விபுலானந்தர். 1892 இல் காரைதீவிலே பிறந்த அவர், விஞ்ஞானம் கற்று, விஞ்ஞானம் கற்பித்தவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரும் ஆவர். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராயினார். பல்கலைக்கழகம் அப்போது கொழும்பிலேயே இருந்தது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மறைந்து கிடந்த யாழ் இலக்கணத்தை, தந்தி நீளத்தின் விகிதங்களால் மீட்டெடுக்க அவர் பல ஆண்டு முயன்றார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பவை வெறும் பெயர்களாயிருந்த நிலை மாறி, அளந்து கேட்கத்தக்க ஒலிகளாயின. கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக யாழ்நூல் 1947 ஜூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19 ஆம் நாள் அடிகள் கொழும்பிலே காலமாயினார். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரம் சுருதி இருபத்துநான்கு என்றது. அடிகள் இருபத்திரண்டு என்றார். எது சரி என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. மாணவர்க்கு அவ்வழக்கின் முடிவைக் காட்டிலும் அதன் முறை பயனுடையது. இருவரும் தந்தியை நிறுத்தி, அளந்து, கேட்டு, மீண்டும் அளந்தவர்கள்.

மருதனார்மடத்துக் கல்லூரியிலே மகாராஜபுரம் சந்தானம் அவர்கள் முதல்வராக விளங்கிய காலம் ஒன்றிருந்தது. 1975 இல் அக்கல்லூரி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்தது. மட்டக்களப்பிலே 1982 இல் விபுலானந்தர் பெயரால் எழுந்த இசைக் கல்லூரி பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது. இசையைப் பட்டப் பாடமாகக் கற்க விழைவோர், க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேற்றோடு செயன்முறை உளச்சார்புப் பரீட்சையிலும் தேறுதல் வேண்டும் என்பது ஏற்பட்டது. பத்தாண்டுக் கேள்வியைச் சில நிமிடங்களில் அளக்கும் முயற்சி இது. குறையுடையதே, ஆயினும் கல்லூரி முதன்முதலாக அந்தப் பத்தாண்டுகளை நோக்கித் திரும்பிப் பார்த்தது என்ற வகையில் வரவேற்கத்தக்கது.

அந்தப் பத்தாண்டுகளின் நிலைக்களமோ குலைந்தது. 1983 ஜூலையிலே கொழும்பில் தமிழர் வீடுகள் எரிந்தன; வெள்ளவத்தை ஒழுங்கைகளும் தப்பவில்லை. வீடு எரிந்தபோது அதனுள் இருந்தவையெல்லாம் எரிந்தன. பாட்டியார் தேவாரம் பாட, தந்தையார் வானொலியைத் திருக, பிள்ளை கேட்டிருந்த வீட்டுச் சூழல் பல குடும்பங்களுக்கு அன்றோடு அறுந்தது. எஞ்சியோர் பலர் இலண்டனுக்கும் தொரன்றோவுக்கும் சிட்னிக்கும் சென்றனர். பின்னர் 1995 இல் யாழ்ப்பாணக் குடாநாட்டு இடப்பெயர்வும், அதனைச் சூழ்ந்த போர் ஆண்டுகளும் வேறொரு மக்கள் தொகுதியை வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்தன. அடுக்குமாடிகள் எழுந்தன. வடக்கிலிருந்து வந்த சங்கீத ஆசிரியர்கள் அம்மாடிகளிலே வகுப்பு நடத்தினர். சுவருக்கு அப்பால் அயலவர் உறங்குவராதலால், உச்ச ஸ்தாயியில் வாய்விட்டுப் பாடும் பழக்கம் சுருங்கிற்று. அகாரசாதகம் தாழ்ந்த குரலில் நடந்தது.

தம்புராவின் இடத்தை மின்சுருதிப் பெட்டி கொண்டது. அதன் இடத்தைக் கைத்தொலைபேசி கொண்டது. ஹார்மோனியத்தோடு ஒப்பிடுகையில் இவை நல்லவை. காந்தாரத்தைத் திரிப்பதில்லை. ஆனால் கூட்டும் வேலையை இவை முற்றாக எடுத்துக்கொண்டுவிட்டன. பிருடையைத் திருகி அலையை நிறுத்திய பயிற்சி மாணவனுக்கு இல்லை. அண்மைக் காலத்துக் கருவிகள் சில, பாடும் ஸ்வரம் சுருதியோடு சேர்ந்ததா இல்லையா என்பதைத் திரையில் முள்ளாலும் நிறத்தாலும் காட்டுகின்றன. பச்சை தோன்றினால் சரி, சிவப்புத் தோன்றினால் பிழை. செவி சொல்ல வேண்டிய தீர்ப்பைக் கண் சொல்கிறது. பரீட்சை மண்டபத்தில் அத்திரை இராது.

எனவே கல்லூரி புகும் எண்ணத்தோடு இசை பயிலும் பிள்ளைகளுள்ள வீடுகளில், பழைய தம்புரா ஒன்று மூலையில் கிடக்குமாயின், அதனைப் பழுது பார்த்துப் பிள்ளையின் கையில் கொடுத்தல் நன்று. தந்தி நான்கும் வாங்கும் செலவு ஒரு மாத வகுப்புச் செலவை எட்டாது. இராகத்தின் பெயரை மறைத்துவிட்டுக் கேட்கச் செய்தல், கேட்ட ஒரு வரியை உடனே ஸ்வரமாகச் சொல்லச் செய்தல், ஒரே இராகத்தில் நால்வர் பாடியதை ஒரு கிழமை முழுதும் கேட்கச் செய்தல் ஆகியவற்றுக்குச் செலவே இல்லை. ஐரோப்பாவிலே குயிதோ என்னும் துறவி 11 ஆம் நூற்றாண்டில் ஆலயப் பாடகச் சிறுவர்க்கு ஸ்வர அசைகளால் செவி பழக்கியதும், 20 ஆம் நூற்றாண்டிலே அங்கேரி நாட்டுக் கொடாய் அதே அசைகளைப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் கொண்டுசென்றதும் இத்தகைய எளிய வழிகளாலேயே.

கொச்சிக்கடையிலே மாலைப் பூசை இன்றும் நடக்கின்றது. மேளம் ஓய்ந்து, தீபாராதனை முடிந்தபின், பஞ்சபுராணம் ஓதுமாறு குருக்கள் கூட்டத்தை நோக்கிச் சொல்வார். நாதசுரத்தின் சுருதி ஒரு சிறுமியின் குரலுக்கு ஒத்து வராது. அவ்வொலியோ அப்போதுதான் நின்றிருக்கும், கருங்கற் சுவர்களில் இன்னும் சற்றே தங்கியிருக்கும். பெட்டியுமில்லை, தம்புராவுமில்லை. பாட முன்வரும் சிறுமி ஒரு கணம் நிற்பாள். அந்த ஒலியை விலக்கித் தன் ஸட்ஜமத்தைத் தானே தேடி எடுத்து, ‘திருச்சிற்றம்பலம்’ என்று தொடங்குவாள்.